பந்தய வண்டியும் குளிர்காற்றும்

மீஞ்சூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் சிறிது நேரத்தில் சோழவரத்தை அடைவர். சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகளுள் ஒன்று அவ்வூரில் உள்ளது என்பதைப் பலரும் அறிவர். அவ்வூருக்கு மற்றொரு புகழும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானூர்திகள் இறங்கி ஏறுவதற்கென அங்கே ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அதற்கு வேலை இல்லாது போயிற்று. நீண்டு அகன்று கிடந்த அத்தளத்தைக் கண்ட மோட்டார் ஆர்வலர்கள் 1950-களில் அங்கே பந்தயங்கள் நடத்தலாயினர். 1953-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கம் அப்பந்தயங்களைப் பல்லாண்டுகள் நடத்தி வந்தது. கல்கத்தா, பம்பாய், கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலிருந்தும், கடல் கடந்து இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து கலந்துகொண்டனர். 1990-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே தனித்தளம் திறக்கப்பட்டது. அதன்பின் சோழவரத்தின் ஆரவாரம் அடங்கிற்று.

பந்தயத்திற்கு வண்டியை ஆயத்தம் செய்வோர் எஞ்சினைத் திருத்துவதோடு நில்லார். வண்டியின் எடையையும் குறைப்பர். பின்னிருக்கை, தரைவிரிப்பு, கதவின் உட்பலகை, வானொலிப்பெட்டி, மாற்றுச் சக்கரம் ஆகிய யாவும் ஒவ்வொன்றாக வெளியேறும். ஓடுவதற்கு உதவாத எதுவும் வண்டியில் இருத்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் என்பவர் 1980-களின் இறுதியில் இக்கொள்கையை எல்லைவரை கொண்டு சென்றார். மாருதி 800 என்னும் சிறு குடும்ப வண்டியின் எஞ்சினை எடுத்து, கூரையும் கதவும் அற்ற, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய தாழ்ந்த உடலில் அதனைப் பொருத்தினார். பார்முலா மாருதி என வழங்கப்பெற்ற அவ்வண்டியில் நம் நாட்டு இளைஞர் பலர் பந்தயக் கலையைப் பயின்றனர். எஞ்சின் அதே எஞ்சின்தான், சுமைதான் குறைந்தது.

பழைய அம்பாசடர், பியட், ஹெரால்டு வண்டிகளில் கழற்றுவதற்குக் குளிர்காற்றுக் கருவி பெரும்பாலும் இருந்ததில்லை. சன்னற்கண்ணாடியை இறக்கிவிட்டால் வருவதே அக்காலத்துக் குளிர்காற்று. இன்றோ, சிறிய வண்டியிலும் அக்கருவி இருக்கிறது. ஆதலின், விரைவை விரும்பித் தம் வண்டியைத் திருத்த முற்படுவோர், ‘இதனையும் கழற்றிவிட்டால் என்ன?’ என்று கேட்கின்றனர். கேள்வி எளிது. விடையில் பௌதிகமும் வேதியியலும் கலந்திருக்கின்றன. வண்டிக்கு உரியவரை மட்டுமன்றிப் பிறரையும் பற்றிய செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது.

முதலில் கருவி இயங்கும் முறையை அறிவோம். மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் பானைநீர் குளிர்கிறது. குளிர்காற்றுக் கருவியும் இந்த ஒரே உண்மையின்மீதே நிற்கிறது. பானையிலிருந்து போன ஆவி திரும்புவதில்லை. கருவியிலோ ஆவியைப் பிடித்து, மீண்டும் நீர்மமாக்கி, மீண்டும் ஆவியாக்குகிறோம். இவ்வேலைக்கு மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் பொருள் ஒன்று வேண்டும். இன்று பெரும்பாலான வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் பொருள், திறந்த வெளியில் சுழிக்குக் கீழே 26 பாகை சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

இப்பொருள் நான்கு உறுப்புகளின் வழியே ஓயாது சுற்றி வருகிறது. எஞ்சினின் பக்கத்தில், வார் ஒன்றினால் சுழற்றப்படுவது அழுத்தி. தொழிற்கூடத்தார் இதனைக் கம்ப்ரசர் என்றே கூறுவர். இது வாயுவை இறுக்கிச் சூடாக்கி அனுப்புகிறது. வண்டியின் முகப்பில், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால், மெல்லிய தகடுகள் அடுக்கிய சட்டம் ஒன்று இருக்கும். கண்டென்சர் எனப்படும் அச்சட்டத்தில் எதிர்க்காற்றுப் பட்டு, வாயு தன் வெப்பத்தை விட்டு நீர்மமாகிறது. பின்னர் அது குறுகிய துளை ஒன்றின் வழியே பீறிட்டு வெளிப்பட்டு, அழுத்தம் குறைந்து, ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையின் பின்னே மறைந்திருக்கும் குளிர்ச்சுருளில் ஆவியாகிறது. அச்சுருளின்மீது விசிறி வீசும் காற்றே நம் முகத்தில் குளிர்ந்து படுவது. வெப்பத்தோடு காற்றிலுள்ள ஈரமும் சுருளில் படிந்து நீராகிறது. நிறுத்தி வைத்த வண்டியின் அடியில் கோடையிலும் நீர் சொட்டுவதைக் கண்டு, ‘எஞ்சின் ஒழுகுகிறதோ?’ என ஐயுறுவோர் உண்டு. அது காற்றிலிருந்து பிழிந்த நீரேயன்றி வேறன்று.

மோட்டார் வண்டியில் இக்கருவியை முதன்முதலாக விலைக்குத் தந்தது அமெரிக்காவின் பக்கார்டு நிறுவனம். 1940-ஆம் ஆண்டு வண்டிகளில் அது கிடைத்தது. அதன் அழுத்தியை எஞ்சினிலிருந்து விடுவிக்க வழி ஏதும் அமைக்கப்படவில்லை. குளிர் வேண்டாதபோது ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, வாரைக் கையால் கழற்ற வேண்டும்! குளிர்காற்றுக் கருவியை வண்டியிலிருந்து நீக்கும் வேலை, அதைப் பொருத்திய நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம். இன்று அத்தொல்லை இல்லை. அழுத்தியின் முகத்தில் காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் மின்காந்தம் தட்டைப் பற்றிக்கொள்ள, அழுத்தி சுழலும். மின்னோட்டம் நின்றால் பிடி விட்டுப்போகும். வார்ச்சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்.

இச்சிறு கிளட்சை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். குளிர்காற்றுக் கருவி எஞ்சினின் திறனைத் தின்கிறது என்பது உண்மை. சிறிய வண்டியில் அது சில குதிரைத்திறனைக் கேட்கும். 40 குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினை உடைய மாருதி 800 போன்ற வண்டியில் இவ்விழப்பை மேம்பாலம் ஏறும்போது கால் உணரும். ஆயினும், பொத்தானை அணைத்த கணமே அத்திறன் ஏறத்தாழ முழுவதும் எஞ்சினுக்குத் திரும்பிவிடுகிறது. அதற்காகக் கருவியையே கழற்ற வேண்டுவதில்லை. எனவே, ‘குளிர்காற்றுக் கருவியைக் கழற்றினேன், எஞ்சினுக்கு வலிமை கூடிற்று’ என்று ஒருவர் பெருமை பேசினால், அவர் பெற்றதில் பெரும்பகுதி ஒரு பொத்தானால் பெறத்தக்கதே என்று அறிக.

கழற்றுவதால் மெய்யாகவே கிடைப்பது எடைக்குறைவு. அழுத்தி, அதன் தாங்கி, கண்டென்சர், குழாய்கள், குளிர்ச்சுருள் ஆகிய எல்லாம் சேர்ந்து சிறு வண்டியொன்றில் ஏறத்தாழ 20 கிலோகிராம் இருக்கும் என்று கொள்வோம். ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் எடை 1000 கிலோகிராம் எனில், நூற்றில் இரண்டு பங்கு குறைகிறது. விசை மாறாதிருக்கப் பொருண்மை குறைந்தால் முடுக்கம் அந்த அளவிற்கு மிகும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. இரண்டு வண்டிகள் ஒரே கோட்டில் புறப்படுகின்றன. ஒன்றில் கருவி உண்டு, மற்றொன்றில் இல்லை. முதல் வண்டி சீரான முடுக்கத்துடன் 10 வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை எட்டுமாயின், அந்நேரத்தில் ஏறத்தாழ 139 மீட்டர் ஓடியிருக்கும். எடை குறைந்த வண்டி ஏறத்தாழ 3 மீட்டர் முந்தி நிற்கும். கடைத்தெருவிற்குச் செல்பவருக்கு மூன்று மீட்டர் ஒரு பொருட்டன்று. பந்தயத் தளத்திலோ, அது வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கும் தொலைவு.

வேறு பயன்களும் உண்டு. கழற்றப்படும் உறுப்புகளில் கனமானவை வண்டியின் முன்பகுதியில் இருப்பவை. மூக்கு இலேசானால் வளைவுகளில் வண்டி எளிதாகத் திரும்பும். ரேடியேட்டரின் முன்னே நின்று காற்றை மறைத்த கண்டென்சர் அகன்றுவிட்டால் எஞ்சினும் நன்கு குளிரும். இக்காரணங்களால் வண்டி செய்வோரே சிலவற்றைக் கருவியின்றி விற்றதுண்டு. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆலையில் 1998 முதல் சில ஆண்டுகள் மிட்சுபிசி லான்சர் வண்டி உருவாக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய லான்சர் எவல்யூஷன் சப்பானில் போட்டிகளுக்கென்றே வளர்ந்த வண்டி. அதில் ஆர்.எஸ். என்னும் வகையைக் குளிர்காற்று முதலிய வசதிகளைக் குறைத்தே போட்டியாளருக்கு விற்றனர்.

இனி, இப்பொருளின் முக்கியமான பகுதிக்கு வருவோம். கழற்றும் வேலையில் இரும்பையும் அலுமினியத்தையும்விடக் கவனத்திற்குரியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. குழாய்களுக்குள்ளே அரைக் கிலோகிராம் அளவில் அடைபட்டிருக்கும் வாயுதான் அது. அதற்கு நிறம் இல்லை. குறிப்பிடத்தக்க மணமும் இல்லை. இணைப்பு ஒன்றைச் சற்றே தளர்த்தினால் ‘புஸ்’ என்ற ஒலியுடன் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். பின்பு வேலை எளிது. சில இடங்களில் அவ்வாறே செய்கின்றனர். போனது எங்கே போயிற்று என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அது எங்கே போகிறது என்பதை அறிவியலார் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. முற்காலத்துக் குளிர்சாதனங்களில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைப் பயன்படுத்தினர். அவை கசிந்தால் வீட்டிலுள்ளோர் உயிருக்கு ஆபத்து. இதற்கு மாற்றுக் காண முயன்ற தாமஸ் மிட்க்லி என்னும் அமெரிக்கர் 1928-ஆம் ஆண்டளவில் தம் குழுவினருடன் குளோரோபுளூரோ கார்பன் என்னும் சேர்மங்களைத் தேர்ந்தெடுத்தார். 1930-இல் வேதியியல் அறிஞர் கூடிய அவையில் அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மீது ஊதி அதனை அணைத்துக் காட்டினார். நஞ்சும் அன்று, தீப்பற்றுவதும் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? பிரியான் என்ற பெயரால் அது உலகெங்கும் பரவிற்று. மோட்டார் வண்டிகளிலும் ஆர்-12 என்ற பெயருடன் புகுந்தது. எஞ்சின் தட்டாமல் ஓடும்பொருட்டுப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என 1921-இல் கண்டவரும் இதே மிட்க்லிதான். அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும் மோட்டார் வண்டியை வளர்த்தன; இரண்டையும் உலகம் பின்னர் கைவிட நேர்ந்தது.

எதனோடும் எளிதில் சேராத நிலைபேறே பிரியானின் சிறப்பு. அச்சிறப்பே தீங்கிற்கும் காரணமாயிற்று. தாழ்ந்த வளிமண்டலத்தில் சிதையாத அவ்வாயு மெல்ல மேலேறி, ஓசோன் படலம் உள்ள உயரத்தை அடைகிறது. அங்கே கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் அதனைப் பிளக்க, குளோரின் அணு தனித்து வெளிப்படுகிறது. அவ்வணு ஒன்று ஓராயிரம் அன்று, ஓரிலட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக்கூட அழிக்கவல்லது. 1974-இல் மரியோ மொலினா, செர்வுட் ரோலண்டு என்னும் இருவர் இதனைக் கணக்கிட்டு எச்சரித்தனர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரீல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. மருந்து முதலிய சில விலக்குகள் நீங்கலாக, 2010-ஆம் ஆண்டளவில் குளோரோபுளூரோ கார்பன்களின் ஆக்கம் நின்றது. அண்டார்க்டிகாவின் மேலுள்ள ஓசோன் ஏறத்தாழ 2066-ஆம் ஆண்டில் 1980-இன் நிலைக்குத் திரும்பக்கூடும் என்பது அறிஞர் மதிப்பீடு. சில பத்தாண்டுகளில் செய்ததைச் சீராக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது.

ஆர்-12-க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ வாயுவில் குளோரின் இல்லை. ஓசோனுக்கு அதனால் கேடில்லை. ஆயின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது வல்லது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை நோக்கினால், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1300 மடங்கு. அரைக் கிலோகிராம் வாயுவைத் திறந்துவிடுவது 650 கிலோகிராம் கரியமில வாயுவை விடுவதற்கு ஒப்பாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகும்; ஆகவே இது 280 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்று திரும்புவதை மூன்று முறை செய்யலாம். ஒருவர் தம் வண்டியில் 20 கிலோகிராமைக் குறைக்கும்பொருட்டு, ஒரு நிமிடச் சோம்பலால், 650 கிலோகிராமை வானத்தின்மீது ஏற்றுகிறார். தம் சுமையைப் பிறர் தலையில் வைப்பது என்று இதனைத்தான் சொல்ல வேண்டும். 2016-இல் கிகாலி நகரில் நாடுகள் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க இசைந்தன; இந்தியா 2021-இல் அதனை ஏற்றது.

ஆகவே, முறையறிந்த தொழிலாளர் கழற்றும் வேலையை வாயுவிலிருந்தே தொடங்குவர். அதற்கென உள்ள இயந்திரத்தைக் குழாய்களில் இணைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சி உருளையில் அடைப்பர். அதனைத் தூய்மை செய்து வேறு வண்டியில் நிரப்பலாம். எண்ணூர், காட்டுப்பள்ளி, மீஞ்சூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கண்டென்சரின் மெல்லிய தகடுகளை அரித்து வாயுவைக் கசியச் செய்வதால், நிரப்பும் தேவை அடிக்கடி எழும். உறிஞ்சி முடித்தபின் அளவுமானியின் முள் அழுத்தம் இல்லை என்று காட்டினாலன்றி எந்த இணைப்பையும் தொடலாகாது. வெயில் மிகுந்த நாளில் எஞ்சின் ஓடும்போது அழுத்தமான பக்கத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோகிராமை எட்டும் அழுத்தம் இருக்கும். பீறிடும் நீர்மம் தோலிலோ கண்ணிலோ பட்டால், கொதிநீரைப் போலவே பொசுக்கிவிடும். குளிரால் பொசுங்கும் என்பதே வேறுபாடு. சில புதிய வண்டிகளில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் என்னும் வாயு புவியைச் சூடாக்குவதில் மிகச் சிறியதாயினும், ஓரளவு தீப்பற்றக் கூடியது. எந்த வாயு என்பதை எஞ்சின் மூடியின் அடியில் ஒட்டப்பட்ட தாளில் படித்தறிந்தே தொடங்குவர். இவையெல்லாம் அறிந்துகொள்வதற்காகக் கூறப்படுவன. மாணவர் தாமே செய்து பார்ப்பதற்கல்ல.

வாயு நீங்கியபின் மின்கல அடுக்கின் இணைப்பைத் துண்டித்து, வாரைக் கழற்றுவர். இங்கே ஒரு சிக்கல் எழும். அழுத்திக்கு மட்டும் தனி வார் இருந்தால் அதனை எடுத்துவிடலாம். பல வண்டிகளில் ஒரே நீண்ட வார் அழுத்தி, மின்னாக்கி, நீரிறைக்கும் பம்பு ஆகிய யாவற்றையும் சுழற்றும். அழுத்தி போனபின் வார் தொய்ந்துவிடும். அளவில் குறைந்த வாரைத் தேடிப் பொருத்த வேண்டும். அல்லது அழுத்தி இருந்த இடத்தில் வெறுமனே சுழலும் சக்கரம் ஒன்றை வைக்க வேண்டும். வார் நீரிறைக்கும் பம்பை நன்கு தழுவிச் செல்கிறதா என்பதைப் பார்க்காமல் விட்டால், பம்பு வழுக்கி, எஞ்சின் கொதித்து, மிச்சப்படுத்திய எடையைவிடப் பெருஞ்செலவு வந்து சேரும்.

அழுத்தியையும் கண்டென்சரையும் எடுப்பது அரைநாள் வேலை. கண்டென்சருடன் அதன் விசிறியையும் சிலர் கழற்றிவிடுவர். ரேடியேட்டருக்குப் போதிய விசிறி எஞ்சியுள்ளதா என்று முன்னரே பார்ப்பது நலம். பந்தயத் தளத்தில் ஓடும்போது காற்று தானே வரும், தொடக்கக் கோட்டில் காத்து நிற்கும்போது வராது. கடினமானது குளிர்ச்சுருள். அதனை எடுக்க ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான திருகுகளும் கம்பிகளும் குறுக்கிடும். இரண்டு மூன்று கிலோகிராமுக்காக இவ்வளவு பாடுபடுவானேன் என்று பலர் அதனை உள்ளேயே விட்டுவிடுகின்றனர். அவர்கள் செய்வது அறிவுடைய செயலே. குழாய்கள் போனபின் எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரில் துளைகள் எஞ்சும். அவற்றைத் தகடு வைத்து அடைத்தாக வேண்டும். எஞ்சினில் தீப்பற்றினால் சுடரும் புகையும் ஓட்டுநரை அடையும் வழி அதுவே.

கழற்றிய உறுப்புகளை எறிந்துவிடுதல் ஆகாது. குழாய் வாய்களை உடனே மூடிக் கட்டி வைக்க வேண்டும். அழுத்தியில் உள்ள எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. திறந்து கிடந்தால் மீண்டும் பயன்படாது. வண்டியை விலைக்கு வாங்குவோர் கேட்கும் முதற்கேள்வி, ‘குளிர்காற்று வருமா?’ என்பதாக இருக்கலாம்.

நாள்தோறும் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து இதனைக் கழற்றுவது தகுமா? தகாது என்பதே என் கருத்து. குளிர்ச்சியை மட்டும் எண்ணிச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சன்னல்களை மூடிக்கொண்டு செல்லும்போது மூச்சின் ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பாதையை மறைக்கும். குளிர்ச்சுருள் காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடுவதால் கண்ணாடி விரைவில் தெளியும். கருவி இல்லாதவர் ஒரு கையால் துணிகொண்டு துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அவ்வாறு ஓட்டுவது எத்தகையது என்பதை மழைநாளில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சென்றவர் அறிவர்.

பந்தய உலகமேகூட இப்பொருளில் ஒரே மனத்துடன் இருந்ததில்லை. 1987-இல் வெளிவந்த பெராரி எஃப்40 என்னும் புகழ்பெற்ற விரைவு வண்டியில் தரைவிரிப்பு இல்லை, வானொலி இல்லை, கதவைத் திறக்க உட்பிடிகூட இல்லாமல் ஒரு கயிறே இருந்தது. ஆனால் குளிர்காற்றுக் கருவி இருந்தது! முதுகின்பின்னே கொதிக்கும் எஞ்சினோடு அமர்ந்திருப்பவருக்கு அஃது ஆடம்பரம் அன்று என்பதை அதனைச் செய்தோர் உணர்ந்திருந்தனர். பிரான்சு நாட்டு லெ மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாது நடைபெறும் பந்தயத்தில், மூடிய வண்டிகளின் உள்வெப்பம் வரம்பு கடத்தலாகாது என்று 2007-இல் விதி வந்தது. அப்போது கார்வெட் அணியினர் தம் பந்தய வண்டியிலேயே இக்கருவியைப் பொருத்திக்கொண்டனர்.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டார் நாட்டில் நடந்த பார்முலா ஒன் பந்தயம் இன்னும் கடுமையான பாடம். இரவிலும் தணியாத வெக்கையில் ஓட்டுநர் ஒருவர் இடையிலேயே விலகினார். மற்றொருவர் தலைக்கவசத்திற்குள்ளேயே வாந்தியெடுத்தார். வேறு சிலர் வண்டியை விட்டு இறங்கவும் வலியற்றுச் சோர்ந்தனர். வெப்பம் மிகுந்த உடல் களைப்பதோடு நில்லாது. முடிவெடுக்கும் மூளையும் தளரும். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஒரு நொடி தளர்வது 80 மீட்டருக்குமேல் கண்மூடி ஓடுவதாகும். இதன்பின், 2025 முதல், வெப்பம் மிகும் என்று அறிவிக்கப்படும் பந்தயங்களில் ஓட்டுநரின் உடலைக் குளிர்விக்கும் கருவிக்கு இடம் தரும் விதி வந்தது. குளிர்ந்த நீர்மம் ஓடும் மெல்லிய குழாய்களைத் தைத்த உள்ளாடை அது. கருவியின் எடையால் யாரும் பின்தங்காதிருக்க, அந்நாட்களில் எல்லா வண்டிகளின் குறைந்தபட்ச எடையையும் உயர்த்துகின்றனர். வண்டியின் அறையைக் குளிர்வித்த கருவியைக் கழற்றி எறிந்தவர்கள், ஓட்டுநரின் சட்டைக்குள் அதனை மீண்டும் கொண்டுவந்திருக்கின்றனர்.

மீஞ்சூரில் நின்று பார்ப்போருக்கு இச்செய்தியின் மறுபக்கம் கண்முன்னே தெரியும். எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்கும் செல்லும் சாலைகளில் சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் ஓட்டுநர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டவரல்லர். ஆயினும் சித்திரை வெயிலில், எஞ்சினின் வெப்பம் காலடியில் தகிக்க, வாயிலின் முன் மணிக்கணக்கில் காத்திருக்கும் அவருடைய அறை, பந்தய வண்டியின் அறையினும் தண்ணென்று இருந்ததில்லை. நெடுங்காலம் நம் நாட்டு லாரிகள் குளிர்காற்றுக் கருவியின்றியே செய்யப்பட்டன. கழற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1-ஆம் நாள் முதல் செய்யப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்காற்றுக் கருவி இருந்தாக வேண்டும். அத்தகைய வண்டிகளைச் செய்யும் அசோக் லேலண்டு நிறுவனம், 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயருடன் தோன்றி, எண்ணூரிலேயே தன் முதல் ஆலையை எழுப்பியது. பழைய லாரிகள் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும். அவற்றின் ஓட்டுநர்கள் கதவைச் சற்றே திறந்து வைத்து, தோளில் ஈரத்துண்டை இட்டுக்கொண்டு, முன்வண்டி நகர்வதற்காகக் காத்திருக்கின்றனர்.